தேதிக் கட்டம்

வெங் சூஹுய்யின் மேஜைத் தொலைபேசி ஒன்பது வருடமாக ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது அடித்துக்கொண்டிருந்தது. தூ யீஃபாங் வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் அது அடிப்பதை நிறுத்திவிட்டது. நடந்த அனர்த்தத்துக்கெல்லாம் ஆரம்பம் அதுதான்.

காங்ஷான் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்க்ரூ ஆலை வாசலில்தான் விழ வேண்டும். கோ அம்மாளின் ஆலை அவற்றில் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் வகை ஸ்க்ரூ, கீழே கிடங்கில் ஏழு பெண்கள், மேலே அலுவலகம். எந்த வகை எந்த அடுக்கில் எத்தனை பெட்டி, என்றைக்கு வந்தது என்பதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அந்த டேட்டாபேஸ் இருக்கிற சர்வர் மாடியில் ஓர் இரும்பு அலமாரிக்குள் உறுமிக்கொண்டிருக்கும். அலமாரிச் சாவி சூஹுய்யின் இடுப்பில் தொங்கும். ஆலையில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

சரக்கு வரவைப் பதிகிற கம்ப்யூட்டர் பக்கத்தையும் அதை இயக்குகிற ஸ்கிரிப்டையும் அவள்தான் எழுதியிருந்தாள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் 'திருத்து' என்று இருக்கும். அதை அழுத்தினால் வேறொரு பக்கம் திறக்கும். அதில் திருத்தி, 'சேமி' கொடுத்தால் சர்வரில் போய் உட்காரும். பிறகு அது ஆளைத் திரும்பப் பட்டியலின் தலைக்கே கொண்டுவந்து விட்டுவிடும். மூவாயிரத்து இருநூறாவது வரிசையில் ஒரு எண்ணை மாற்றியவள், அடுத்த வரிசைக்குப் போக மறுபடி முதலிலிருந்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். பாதியில் ஒருத்தியாவது வழி தவறிவிடுவாள். உடனே போன் அடிக்கும்.

"சூஹுய் அக்கா, எங்க இருக்கேன்னே தெரியல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவள் சலித்துக்கொண்டே இறங்கிப் போவாள். சலிப்பெல்லாம் வெளிவேஷம். திரும்பி ஏறும்போது கையில் இரண்டு கொய்யாவாவது இருக்கும். கிடங்குத் தலைவி ஆதோ அக்கா யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். முப்பது வயதைத் தாண்டிய சூஹுய்யைத் தேட வீட்டில் ஒருவரும் இல்லை. ஆலையில் தேடினார்கள், அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

அப்படி இருக்கையில்தான், புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு யீஃபாங் வந்து சேர்ந்தாள். தொழில்நுட்பக் கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. அப்போது சூஹுய் முதல் மதிப்பெண், யீஃபாங் இரண்டாவது. ஆனால் தாய்பேயில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது இரண்டாவது வந்தவளுக்கு. கல்யாணமும் நடந்தது, பிள்ளையும் பிறந்தது. இப்போது மாமனாருக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று குடும்பத்தோடு காங்ஷானுக்கே திரும்பியிருந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் கோ அம்மாள் அவளை அமுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உனக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று சூஹுய்யிடம் சொன்னாள். ஒத்தாசை கேட்டது யார் என்று சூஹுய் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

வந்தவள் முதல் வாரம் முழுக்கக் கிடங்கில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பெண்கள் பதிவதை வேடிக்கை பார்த்தாள். ஒன்பது வருடத்தில் சூஹுய்க்கு அப்படி உட்கார்ந்து பார்க்கத் தோன்றியதே இல்லை. கூப்பிட்டால் போவாள், சரிசெய்வாள், வந்துவிடுவாள். ஆறு வாரம் கழித்து யீஃபாங் ஒரு புதுப் பக்கத்தைக் கொண்டுவந்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அது ஓர் அட்டவணை. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அந்தக் கட்டமே எழுதுகிற பெட்டியாக மாறியது. எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் கட்டம் ஒரு நொடி பச்சையாக மின்னிற்று. மின்னினால் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி கீழ்க்கட்டம் திறந்து நின்றது. பக்கம் அசையவில்லை, பட்டியலின் தலைக்கு ஓடவில்லை. தப்பாகத் தட்டினால் ஒரு விசையில் பழைய எண் திரும்பி வந்தது. பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டகத்துக்குள் சர்வரோடு தனியாகப் பேசிக்கொள்கிறது என்று யீஃபாங் விளக்கினாள். அது பெண்களுக்குப் புரியவும் இல்லை, புரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒற்றை விரலால் தட்டுகிற ஆதோ அக்கா வரிசையாக இருபது கட்டத்தை நிரப்பிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"இத்தனை வருஷம் இது எங்கடி இருந்துச்சு? என் ஆயுசுல பாதி உருட்டியே போச்சே."

யாரையும் குத்த அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் சூஹுய்க்கு நெஞ்சில் தைத்தது. அவளும் எல்லோரோடும் கைதட்டினாள். கைதட்டிக்கொண்டே, இதை நாம் ஏன் யோசிக்கவில்லை என்று குமைந்தாள். அதைவிட மோசமான எண்ணம் அடுத்து வந்தது: யோசித்திருந்தாலும் நம்மால் இதை எழுதியிருக்க முடியுமா? பொறாமை என்றால் வெறும் பொறாமை இல்லை. அன்று மதியம் சோற்றுப் பெட்டியைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பழைய பக்கத்தில் வழி தவறினாலும் பெண்கள் யீஃபாங்கைத்தான் கூப்பிட்டார்கள், மேஜைத் தொலைபேசி ஓய்ந்துவிட்டது.

புதுப் பக்கத்தை ஏப்ரல் முதல் தேதி திறப்பதாக ஏற்பாடு. அந்தத் தேதியிலிருந்து வருகிற சரக்கெல்லாம் புது அட்டவணையில், பழையது பழைய இடத்திலேயே. முந்தைய நாள் மதியம் யீஃபாங் சூஹுய்யின் மேஜைக்கு வந்தாள்.

"நாளைக்குத் திறக்கறோம்டி. உன் பழைய ஸ்கிரிப்ட்ல இருந்து நான் எதையாச்சும் விட்டிருந்தா, அது உன் கண்ணுக்குத்தான் படும். ஒரு தடவை பாத்துச் சொல்லேன்."

சூஹுய் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே படித்தாள். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தும் விட்டாள்.

நம் நாட்டில் குடியரசு பிறந்த 1912ஐ முதல் வருடமாக வைத்து எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் அப்போது நடந்த 2004ஆம் வருடம் என்பது 93. கிடங்குப் பெண்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் எழுதுகிறார்கள், 2004 என்று அவர்கள் கை ஒருநாளும் எழுதாது. இயந்திரத்துக்கோ நம் குடியரசைப் பற்றி ஒன்றும் தெரியாது. 93 என்று கொடுத்தால் 1993 என்று எடுத்துக்கொள்ளும். ஒன்பது வருடம் முன்பு இதில் சூடுபட்டுத்தான் சூஹுய் தன் ஸ்கிரிப்டில் மூன்று வரி சேர்த்திருந்தாள்: வருடம் சின்ன எண்ணாக இருந்தால், சேமிக்கும் முன் 1911ஐக் கூட்டிக்கொள். அந்த மூன்று வரி யீஃபாங்கின் ஸ்கிரிப்டில் இல்லை. பத்து வருடம் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிப் பழகியவள், தேதியை நாலு இலக்கத்தில் போட்டே சோதித்திருக்கிறாள்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. கட்டம் அகலமாகிவிடக் கூடாது என்று வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டும்படி யீஃபாங் எழுதியிருந்தாள். ஆகவே 93 என்று தட்டினால், உள்ளே 1993 என்று பதிந்துகொண்டு, வெளியே 93 என்றே காட்டும். தட்டியவளுக்கும் சரி, பார்ப்பவளுக்கும் சரி, சந்தேகமே வராது.

சூஹுய் அந்த இடத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே கிடங்கு வாசலில் ஆதோ அக்கா யாரிடமோ, எங்க யீஃபாங் வந்ததிலிருந்து என்று ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எங்க யீஃபாங்காம். வந்து மூன்று மாதம் ஆகவில்லை.

"சரியா இருக்கு" என்றாள் சூஹுய்.

யீஃபாங் அவள் தோளைத் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பெரிய பாதகம் எதையும் சூஹுய் நினைக்கவில்லை. அவள் போட்ட கணக்கு இதுதான். சரக்கை லாரியில் ஏற்றுவதற்கான பட்டியலைத் தருகிற ஸ்கிரிப்ட் அவளுடையது. அது பழைய சரக்கை மேலேயும் புதியதைக் கீழேயும் போடும். இப்போது புதுச் சரக்கெல்லாம் பதினோரு வருடப் பழசு என்று தலையில் ஏறி உட்காரும். பெண்கள் குழம்புவார்கள். யீஃபாங் முழிப்பாள். தொலைபேசி அடிக்கும். சூஹுய் சலித்துக்கொண்டே இறங்கிப் போய் மூன்று வரியைச் சேர்ப்பாள். தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிறவர்கள் உண்டு. இவள் தன் மூக்குக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினாள்.

திறப்பு நாளன்று ஆதோ அக்கா பச்சைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தாள். இந்த ஊரில் எந்த இயந்திரத்தின் தலையிலும் அந்தத் தேங்காய்ச் சுவைப் பொரிப் பொட்டலம் இல்லாமல் யாரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள். அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்றுதான் அர்த்தம். உறை பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. கெடு தாண்டியிருக்கக் கூடாது. வைத்ததை எடுத்துத் தின்றால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் தேதி போட்டு ஒரு வார்த்தை எழுதி வைப்பது சாவி வைத்திருப்பவளின் உரிமை. சூஹுய் தடித்த பேனாவால் எழுதினாள்: 93.4.1, சமர்த்தாக ஓடு. பொட்டலத்தை சர்வர் மேல் வைத்து அலமாரியைப் பூட்டினாள்.

பிறகு காத்திருந்தாள். முதல் நாள் போன் வரவில்லை. முதல் வாரமும் வரவில்லை. இரண்டாம் வாரம் பொறுக்க முடியாமல் அவளே கீழே போய், பட்டியலெல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று பட்டும் படாமல் விசாரித்தாள். ரொம்ப நன்றாக வருகிறது என்றார்கள். இப்போதெல்லாம் புதுச் சரக்கைத்தான் முதலில் எடுக்கச் சொல்கிறதாம். புதுச் சரக்கு வாசல் பக்கமே இருப்பதால் தூக்கச் சுலபமாம். யீஃபாங் அக்கா எங்கள் முதுகுவலிக்குக்கூட வழி பண்ணிவிட்டாள் என்று மெய்சூ என்கிற கிடங்குப் பெண் புகழ்ந்தாள். தப்புக்கும் அவளுக்கே பாராட்டு. சூஹுய் மாடியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஊமையாக உட்கார்ந்திருந்த தொலைபேசியை எடுத்து வேலை செய்கிறதா என்று பார்த்தாள். செய்தது.

ஏப்ரல் கடைசியில் ஆதோ அக்கா விடுப்பில் போனாள். ஒவ்வொரு வருடமும் மாஸு அம்மன் பல்லக்கு புறப்படும்போது பின்னாலேயே ஒன்பது நாள் நடக்கிறவள் அவள். அவள் போன மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு அறையில் மெய்சூ சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"ஜப்பான் கன்டெய்னர் பன்னெண்டு மணிக்கு முன்னாடியே கிளம்பிருச்சு அக்கா. நேத்து சாயங்காலம் முலாம் கடையிலருந்து வந்துச்சு பாருங்க, அந்த ஊஞ்சல் போல்ட்டு. காலைலயே லிஸ்ட்ல ஏத்தலாம்னு பச்சை காட்டிருச்சு. ஒரே மூச்சுல ஏத்திட்டோம்."

சூஹுய் தன் சோற்றுப் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

கெட்டி எஃகு போல்ட்டுக்கு முலாம் பூசினால், அதில் சிலதை எடுத்து முறுக்கி இறுக்கி இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டக் கூடாது. முலாம் தொட்டியில் உள்ளே புகுந்த வாயு சும்மா இருக்காது. பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும், இறுக்கின மறுநாள் தலை துண்டாகப் போய்விடும். ஆகவே வந்து இரண்டு நாள் ஆகாத கெட்டிச் சரக்கை ஏற்றும் பட்டியலில் காட்டாதே என்று ஒரு விதியை சூஹுய்யே ஏழு வருடம் முன்பு எழுதி வைத்திருந்தாள். எழுதியதையே மறந்துவிட்டாள். அந்த விதி கட்டிக்கொண்டு நின்றது தேதியை. நேற்று வந்த சரக்குக்குப் பதினோரு வயது என்று டேட்டாபேஸ் சொன்னால், விதி என்ன செய்யும்? வழிவிட்டது. மாதம் ஒரு தடவை வருகிற சரக்கு அது. ஆதோ அக்கா இருந்திருந்தால் பட்டியல் என்ன சொன்னாலும் தன் கையால் தடுத்திருப்பாள். அவளோ எங்கேயோ பல்லக்குக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்கிறாள்.

ஊஞ்சல் போல்ட். குழந்தைகள் விளையாடுகிற பூங்காவுக்குப் போவது.

மணி பன்னிரண்டரை. காவ்சியுங் துறைமுகத்தில் மூன்று மணிக்குள் கன்டெய்னர் உள்ளே போய்விடும். போனால் எடுக்க முடியாது. சூஹுய் எழுந்து மாடிக்கு ஓடினாள். ஓடும்போதே சொல்ல வேண்டியதையும் தயார் செய்துகொண்டாள்: உன் அட்டவணையில் ஒரு தப்பு இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது. அவ்வளவுதான். இந்த நிலைமையிலும் 'இப்போதுதான்' என்ற சொல்லை அவள் மறக்காமல் சேர்த்துக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யீஃபாங்குக்கு முதலில் விளங்கவே இல்லை. திரையைத் திருப்பிக் காட்டினாள். தேதிக் கட்டம் முழுக்க வரிசையாக 93 என்றுதான் இருந்தது.

"தொண்ணூத்தி மூணுதானே? சரியாத்தானே இருக்கு?"

சூஹுய் இடுப்புச் சாவியால் அலமாரியைத் திறந்து, பச்சைப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டாள்.

"இதுல என்ன வருஷம் போட்டிருக்கு?"

"தொண்ணூத்தி மூணு."

"உனக்கும் எனக்கும் அது இந்த வருஷம். உன் சர்வருக்கு அது நீயும் நானும் காலேஜ்ல இருந்த வருஷம். 1993. நேத்து வந்த போல்ட்ட அது பதினோரு வருஷமா இங்க கெடக்குதுன்னு நினைச்சு வெளிய அனுப்பிருச்சு."

யீஃபாங்கின் முகம் வெளுத்தது. அவள் சூஹுய்யை ஒன்றும் கேட்கவில்லை, தொலைபேசியைத்தான் எடுத்தாள். லாரிக்காரர் எடுக்கவில்லை. ஓட்டும்போது அவர் எடுக்கவே மாட்டார் என்று கீழேயிருந்து சொன்னார்கள். மறுபடி அடித்தாள். பிறகு கோ அம்மாளின் அறைக்கு ஓடினாள், பின்னாலேயே சூஹுய்யும். கோ அம்மாள் துறைமுகக் காவல் வாசலில் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டாள். லாரி வரிசையில் நாலாவதாக நிற்கிறது என்று அவர் சொன்னபோது மணி இரண்டே கால். திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு கோ அம்மாள் போனை வைத்தாள்.

கோ அம்மாள் தேநீர் வைக்கப் பக்கத்து அறைக்குப் போன நேரத்தில் யீஃபாங் மெல்லக் கேட்டாள்.

"நான் பாக்கச் சொன்னப்ப, அந்த மூணு வரி இல்லைங்கறது உன் கண்ணுல படலையா?"

தயார் செய்து வைத்திருந்த 'இப்போதுதான்' சூஹுய்யின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், யீஃபாங்குக்கு விளங்கிவிட்டது. யீஃபாங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு லாரி திரும்பி வந்ததும் பெட்டிகளை இறக்கினார்கள். கோ அம்மாள் கிடங்கு நடுவில் நின்று, பெண்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். கத்தவில்லை. கத்தாமல் கேட்டால்தான் அவளிடம் பயம் வரும்.

"இது யாரு செஞ்ச தப்பு?"

"நான் எழுதின பக்கம், என் தப்பு" என்றாள் யீஃபாங். "நம்ம வருஷக் கணக்க நான் யோசிக்கல. சூஹுய் கண்டுபிடிச்சுச் சொன்னதாலதான் லாரிய நிறுத்த முடிஞ்சுது."

கோ அம்மாள் தலையை ஆட்டினாள். தப்பைத் தன் வாயால் ஒத்துக்கொள்கிற ஆள் கிடைப்பது அரிது, அந்த மட்டில் சந்தோஷம் என்றாள். மெய்சூ யீஃபாங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், பெருமையாகவும் பார்த்தார்கள்.

சூஹுய் தப்பித்துவிட்டாள். அவள் பெயர் நல்ல பெயராகவே வந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு மாடியேறிப் போயிருப்பார்கள். ஆனால் அவளால் முடியவில்லை. மனசாட்சி குத்தியது என்று சொன்னால் பொய். குத்தியது வேறு. அட்டவணை யீஃபாங்குக்கு வந்தது, போகட்டும். ஆதோ அக்கா அவள் பக்கம் போனாள், போகட்டும். இப்போது இந்தப் பெரிய மனசும் அவளுக்கே போக வேண்டுமா? நான் செய்த தப்பில்கூட அவள்தான் உயர்ந்து நிற்க வேண்டுமா? அந்த வயிற்றெரிச்சலில்தான் சூஹுய் வாயைத் திறந்தாள்.

"அவ சொல்றது பாதிதான் முதலாளியம்மா. திறக்கறதுக்கு முந்தின நாள் என்கிட்ட காட்டினா. அந்த மூணு வரி இல்லைன்னு பாத்தேன். பாத்துட்டு, சரியா இருக்குன்னு சொன்னேன்."

"ஏன்?" என்றாள் கோ அம்மாள்.

"எல்லாரும் அவளையே தேடுறாங்க. என் போன் அடிக்கறதே இல்ல. அவ கீழ விழுந்தா திரும்ப அடிக்கும்னு நினைச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சூஹுய்க்கு அது எவ்வளவு அற்பமான காரணம் என்று காதில் விழுந்தது. ஒரு போன். அதற்காக ஊஞ்சலில் ஏறுகிற பிள்ளைகள். அவள் அழுதாள். இந்த அழுகையில் பொறாமை இல்லை.

கோ அம்மாள் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள். சூஹுய் இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். கோ அம்மாள் அதை யீஃபாங்கிடம் தந்தாள். யீஃபாங் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலமே சூஹுய்யின் மூன்று வரியை அட்டவணையில் சேர்த்து, ஏப்ரல் மாதத் தேதிகளையெல்லாம் திருத்தினாள். சூஹுய்யை உதவிக்குக் கூப்பிடவில்லை. இரண்டாம் நாள் சோதனையில் நாற்பது போல்ட்டில் மூன்றின் தலை துண்டாகிக் கிடந்தது. மெய்சூ அந்த மூன்று தலையையும் ஒரு தட்டில் எடுத்துவந்து, சூஹுய்யின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் அதை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள், எறிய மனசு வரவில்லை.

அடுத்த வாரம் ஆதோ அக்கா பாதமெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்தாள். வந்த அன்றே கிடங்கில் எல்லாக் கதையும் கேட்டுவிட்டாள். மறுநாள் புதிதாக ஒரு பச்சைப் பொட்டலத்தோடு மாடியேறினாள், பின்னாலேயே பெண்கள் நாலைந்து பேர். சூஹுய்யின் மேஜையைத் தாண்டும்போது அவள் நிற்கவில்லை. கையில் கொய்யாவும் இல்லை. சூஹுய் திரையை உற்றுப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தாள்.

யீஃபாங் அலமாரியைத் திறந்து பழைய பொட்டலத்தை எடுத்தாள். ஆதோ அக்கா புதியதையும் தடித்த பேனாவையும் அவள் கையில் கொடுத்தாள். யீஃபாங் 'சமர்த்தாக ஓடு' என்று எழுதினாள். தேதி போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பிறகு நேராக சூஹுய்யின் மேஜைக்கு வந்து பொட்டலத்தை வைத்தாள். அந்த லாரி நாளுக்குப் பிறகு அவள் சூஹுய்யோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"தேதிய நீ போடு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூஹுய் 93 என்று எழுதி, புள்ளி வைத்து, மாதமும் நாளும் எழுதினாள். பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். யீஃபாங் பொட்டலத்தை எடுத்து, எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக அவசரமில்லாமல் பார்த்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

சூஹுய்க்குக் காதுமடல் வரை சூடேறியது. யீஃபாங் பொட்டலத்தை சர்வர் மேல் வைத்து அலமாரியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மேஜைத் தொலைபேசி அப்போதும் அடிக்கவில்லை.